வானத்துப் பேரேடு

சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பேரேட்டின் அருமையைப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் இக்கடைத்தெரு உருப்பெற்ற நாள்தொட்டு, நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் வந்து இங்கே கடை விரித்த நம் முன்னோர், சரக்கைக் காப்பது போலவே கணக்கையும் காத்தனர். நாளேட்டில் எழுதியது பேரேட்டில் ஏறவேண்டும். பேரேட்டில் ஏறியது ஐந்தொகையில் சரியாக நிற்கவேண்டும். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று அவர்கள் சொல்வதுண்டு. தவறாக எழுதிய கணக்கோ அதனினும் கொடியது. எழுதாததைப் பற்றி ஐயமாவது எழும். ஏட்டில் ஏறிவிட்டதை எவரும் எளிதில் ஐயுறுவதில்லை.

நம் குடியிருப்பில், வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ ஒரு மகனாவது மருமகனாவது இல்லாத வீடுகள் இன்று மிகச் சில. விடுமுறைக்கு வருவோரும் போவோருமாக ஆண்டு முழுவதும் நாம் விமானத்தை நம்பி வாழ்கிறோம். அந்த விமானத்திற்குள்ளும் ஒரு பேரேடு உண்டு. ஓடுபாதை எங்கே தொடங்குகிறது, எந்தத் திசையில் கிடக்கிறது, வழியில் எந்த இடத்தில் திரும்பவேண்டும், எந்த உயரத்திற்குக் கீழே இறங்கலாகாது என்பன யாவும் எண்களாக அதில் அடங்கியுள்ளன. விமான வழித் தரவுத்தளம் என்பது அதன் பெயர். அதில் உள்ள எண் மெய்யானால் பயணம் நலமாக முடியும். எண் பொய்த்தாலோ, எண் மாறியதை உரியவருக்கு உரைக்காமல் விட்டாலோ என்ன நேரும் என்பதை வரலாறு பலமுறை காட்டியிருக்கிறது. அந்த வரலாற்றில் நம் திருவனந்தபுரத்திற்கும் ஓர் இடம் உண்டு என்பது நம்மில் பலர் அறியாதது.

ஓர் இடம் எங்கே இருக்கிறது என்பதை எண்ணால் சொல்லும் கலை நம் பக்கத்தில் வேரூன்றி இருநூறாண்டுக்கு மேலாகிறது. 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் சங்கிலி கொண்டு ஓர் அடிக்கோட்டை அளந்தார். அக்கோட்டின்மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கித் தென்னாட்டையே அளக்கும் பெரும்பணி தொடங்கிற்று. அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியைக் கோபுரந்தோறும் குன்றுதோறும் ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலில் அக்கருவியை மேலே தூக்கும்போது கயிறு அறுந்து அது கோபுரத்தில் மோதியது. வளைந்துபோன பித்தளை வட்டத்தை லாம்டன் பல வாரம் கூடாரத்திற்குள் அமர்ந்து தம் கையாலேயே நிமிர்த்தினார். அளவு பிழைத்தால் அதன்மேல் எழுவன அனைத்தும் பிழைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த முக்கோணங்கள் திருவிதாங்கூர் எல்லைக்குள் புகுந்து குமரிமுனையருகே வந்து நின்றன.

திருவனந்தபுரத்திலேயே அப்பணி வேறு உருவில் தொடர்ந்தது. ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்தவர் ஜான் கால்டெகாட். விண்மீன்களை நோக்குவதில் அவருக்கு இருந்த ஆர்வத்தைக் கண்ட சுவாதித் திருநாள் மகாராஜா, அவர் வேண்டுகோளை ஏற்று நகரின் குன்றொன்றின்மேல் வானாய்வுக் கூடத்தை எழுப்பினார். அது 1837இல் முற்றுப்பெற்றது. ஒரு வணிக முகவரின் பொழுதுபோக்கிலிருந்து இத்தகைய கூடம் பிறந்ததென்பது வணிகர் மிகுந்த நம் வட்டாரத்துக்குப் பெருமையே. கால்டெகாட்டுக்குப் பின் 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன் என்பவர் காந்த ஊசியின் அசைவை இரவும் பகலும் குறித்துவைத்தார். கீழே நகரில் ஒரு நிலையமும், நாம் பொதியில் என்று போற்றும் அகத்தியமலையின் உச்சியில் மற்றொரு நிலையமும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டார். ஆறாயிரம் அடி உயரத்தில், காற்றும் மழையும் அறையும் சிகரத்தில், காந்த ஊசியைப் பார்த்துக் கணக்கெழுத ஆட்களை இருத்துவதென்றால் அது எத்தகைய பிடிவாதம்! பூமியின் காந்த நடுக்கோடு நம் நிலப்பகுதிக்கு அருகே செல்வதால் இவ்வூர் அத்தகைய ஆய்வுக்கு உகந்த இடமாயிற்று. இச்செய்தியை வாசகர் நினைவில் கொள்ளவேண்டும். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

விமானம் இங்கே வந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. கர்னல் கோதவர்ம ராஜாவின் முயற்சியால் 1932இல் நம் ஊரில் பறத்தற்கழகம் சார்பாக இறங்குதளம் அமைந்தது. 1935 இறுதியில் டாட்டா நிறுவனத்தின் சிறு விமானம் ஒன்றை நெவில் வின்சென்ட் பம்பாயிலிருந்து ஓட்டிவந்தார். அக்காலத்து விமானிக்கு வழிகாட்டியாக இருந்தவை கண்ணும், காந்த ஊசியும், ஒரு படமுமே. ஆறும் கடற்கரையும் இருப்புப்பாதையும் பார்த்துப் பறந்தார்கள். மேகம் மூடினால் கடவுளே துணை.

இதே காலத்தில் அமெரிக்காவில் எல்ரி ஜெப்பெசன் என்ற தபால் விமானி, பத்து சென்ட் கொடுத்து வாங்கிய கறுப்பு அட்டைக் குறிப்பேட்டில் தாம் கண்டவற்றை எழுதத் தொடங்கினார். இறங்கத்தக்க வயல்கள், அவற்றின் நீளம், புகைபோக்கிகளின் உயரம், மலைமேல் குடியிருந்து வானிலை சொல்லக்கூடிய குடியானவர்களின் தொலைபேசி எண்கள் என யாவும் அதில் ஏறின. உயரம் தெரியாத இடங்களில் தாமே ஏறி அளந்தார். உடன் பணிபுரிந்த விமானிகள் பலர் உயிரிழப்பதைக் கண்ட மனிதர் அவர். அந்த அச்சமே அவர் கையில் எழுதுகோலைக் கொடுத்தது எனலாம். மற்ற விமானிகள் படி கேட்டனர். 1934இல் அது ஒரு தொழிலாயிற்று. இன்று உலகின் விமான வழித் தரவுகளைத் தொகுக்கும் பெருநிறுவனங்களுள் ஒன்று அந்தக் குறிப்பேட்டின் வழித்தோன்றலே.

ஏடும் படமும் இருந்தும், தான் எங்கே இருக்கிறோம் என்பதை விமானி ஐயமற அறிய முடியாத காலம் நெடிது நீண்டது. அதன் விலையை நம் நாடு கொடுத்தது. ஐரோப்பாவின் மோன் பிளான் சிகரத்தில் 1950 நவம்பர் 3ஆம் நாள் ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்சஸ்’ மோதி 48 பேர் மாண்டனர். 1966 ஜனவரி 24ஆம் நாள், அதே மலையில், ‘கஞ்சன்ஜங்கா’ என்ற போயிங் 707 மோதியது. அதிலிருந்த 117 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இந்திய அணுசக்தித் துறையின் தந்தை ஹோமி பாபா அவர்களுள் ஒருவர். விமானத்தில் இருந்த இரண்டு வானொலி வழிகாட்டிக் கருவிகளுள் ஒன்று பழுதுபட்டிருந்தது. மலைமுகட்டைக் கடந்துவிட்டதாக விமானி கணக்கிட்டார், கடக்கவில்லை. தரையில் ராடாரை நோக்கியிருந்த அதிகாரி அத்தவறைக் கண்டு திருத்தமும் சொன்னார். ஆனால் சொன்ன சொற்கள் போதிய அளவு தெளிவாக இல்லை. விமானி தம் எண்ணமே உறுதிப்பட்டதாகக் கருதிக் கீழிறங்கினார். விசாரணையின் முடிவு இதுவே.

இத்தகைய விபத்துக்களுக்கெல்லாம் மருந்தாக வந்தது கணிப்பொறி. 1973இல் அமெரிக்காவின் நேஷனல் ஏர்லைன்ஸ் தன் டி.சி.-10 விமானங்களில் வழித் தரவுத்தளம் கொண்ட கருவியை முதன்முதலாகப் பயணிகள் சேவையில் பொருத்தியது. விமானி இடத்தின் பெயரைச் சொன்னால் போதும். அதன் இருப்பிடத்தைக் கருவியே அறியும். இனி மனிதன் எண்ணை எழுதித் தவறமாட்டான் என்று உலகம் மகிழ்ந்தது. அந்த எண்களைக் கருவிக்குள் எழுதியவனும் மனிதனே என்பதைச் சற்று மறந்தது.

இப்பேரேடு எவ்வாறு எழுதப்படுகிறது என்பதைச் சாலையில் கணக்கெழுதுவோர் எளிதில் விளங்கிக்கொள்வர். ஒவ்வொரு நாட்டரசும் தன் விமானத் துறை வாயிலாகத் தன் ஓடுபாதைகளின் அளவுகளை வெளியிடுகிறது. தொகுப்பு நிறுவனங்கள் அவற்றை ஒரே ஒழுங்கில் பெயர்த்தெழுதுகின்றன. கருவி செய்வோர் தத்தம் கருவிக்கேற்பச் சுருக்கிக் கட்டுகின்றனர். விமான நிறுவனத்தின் பொறியாளர் அதை விமானத்தில் ஏற்றுகிறார். ஆக, ஒரு கை எழுதியதை மறுகை பெயர்த்தெழுதிப் பல படிகளைக் கடந்தே எண் விமானிக்கு வந்து சேருகிறது. 28 நாளுக்கு ஒருமுறை பேரேடு புதுப்பிக்கப்படும். 1960களில் சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் வகுத்த முறை இது. புதிய ஏடு நடைமுறைக்கு வரும் நாள் எப்போதும் வியாழக்கிழமையே. குருவாரத்தில் புதுக்கணக்குத் தொடங்குவது நம்மவருக்கு உவப்பாகத்தான் இருக்கும்! ஓடுபாதையின் முனை போன்ற உயிர்நிலையான எண்களில் கெட்டுப்போகும் வாய்ப்பு பத்துக் கோடியில் ஒன்றுக்கு மேற்படலாகாது என்பது அந்நிறுவனத்தின் விதி. வழியில் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்ணொன்றும் ஏட்டோடு கூடவே செல்லும். ஆனால் முதலில் எழுதியவரே தவறாக எழுதினால் சரிபார்ப்பு எண் என்ன செய்யும்? தவறான எண்ணையே பழுதறக் காத்துக் கொண்டுசேர்க்கும்.

இருப்பிடத்தை எந்த அளவுகோலால் சொல்வது என்பதிலேயே குழப்பம் இருந்ததுண்டு. லாம்டனுக்குப் பின்வந்த எவரெஸ்ட் 1830இல் வகுத்த பூமியின் வடிவத்தை வைத்தே நம் நாட்டுப் படங்கள் வரையப்பட்டன. பிற நாடுகள் தத்தமக்கெனப் பிறிதொரு வடிவத்தைக் கொண்டிருந்தன. ஒரே இடத்துக்கு இரு கணக்கிலும் வரும் எண்கள் நூறு மீட்டருக்கு மேலும் விலகி நின்றன. கண்ணால் கண்டு இறங்கும் காலத்தில் இது பெரிதன்று. கணிப்பொறியை நம்பி இறங்கும் காலத்தில் இது பெரும் கேடு. எனவே 1998 ஜனவரி 1 முதல் உலகம் முழுவதும் விமானத்துறைக்கு ஒரே அளவுகோல் என்று விதிக்கப்பட்டது. ஊருக்கு ஒரு படியும் மரக்காலும் இருந்த நிலை மாறி முத்திரைப் படி வந்தது போன்றது அது.

ஏட்டுப் பிழையின் கொடுமையை உலகுக்கு உணர்த்தியது தென்துருவப் பகுதியில் நிகழ்ந்த பெருந்துயர். நியூசிலாந்து நாட்டு விமான நிறுவனம் அண்டார்க்டிகாவைச் சுற்றிக் காட்டும் உல்லாசப் பயணங்களை நடத்திவந்தது. 1978இல் அவ்வழியைக் கணிப்பொறியில் ஏற்றியவர், கடைசி இடத்தின் தீர்க்கரேகையில் 166 பாகை என்பதற்கு 164 என்று தட்டிவிட்டார். அதனால் வழி எரிபஸ் என்ற எரிமலையை விட்டு விலகி, அகன்ற கடற்பரப்பின் மேலாக அமைந்துவிட்டது. தவறே ஆயினும் பாதுகாப்பான வழி! ஓராண்டுக்கு மேல் அது அப்படியே கிடந்தது. 1979 நவம்பரில் கேப்டன் ஜிம் காலின்ஸ் என்பவருக்கு இந்த வழியைக் காட்டியே விளக்கம் தரப்பட்டது. அவர் வீட்டில் தம் படங்களை விரித்து அதை வரைந்தும் பார்த்தார். நவம்பர் 28ஆம் நாள் விடியற்காலையில், விமானம் புறப்படுமுன், தரை அலுவலகத்தார் அந்த எண்ணைத் திருத்தினர். இரண்டு மைல் அளவான சிறு திருத்தம் என்று அவர்கள் எண்ணினர். உண்மையில் வழி 27 கடல் மைல் நகர்ந்து எரிமலைக்கு நேராக வந்துவிட்டது. காலின்சுக்கு எவரும் சொல்லவில்லை. வெண்பனியும் வெண்மேகமும் ஒன்றாய்க் கலந்து மலையே கண்ணுக்குத் தெரியாத அந்த நண்பகலில் 257 பேர் மாண்டனர்.

முதல் விசாரணை, தாழப் பறந்த விமானியையே குறைகூறியது. இறந்தவர் எழுந்துவந்து மறுமொழி சொல்வதில்லை. ஆதலின் அவர்மேல் பழி சுமத்துதல் எல்லா நாட்டிலும் எளிதாகவே இருக்கிறது. பின்னர் நீதிபதி பீட்டர் மாகன் 1981இல் அளித்த அறிக்கையில், எண்ணை மாற்றிவிட்டு விமானியிடம் சொல்லாமையே தலையாய காரணம் என்று முடிவுகட்டினார். அதைக் குறித்து வழக்கும் வாதமும் நெடுங்காலம் நடந்தன. நாற்பதாண்டு கழித்து 2019இல் அந்நாட்டுப் பிரதமர் மாண்டோர் குடும்பத்தாரிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். மாகனின் தீர்ப்பே நமக்கு நேரியதாகத் தோன்றுகிறது. கணக்கில் திருத்தம் செய்தவன், அக்கணக்கை நம்பிச் சரக்கனுப்புகிறவனிடம் சொல்லாமல் விட்டால் கடைத்தெரு அவனைச் சும்மா விடுமா?

எரிபஸில் எண் தவறியது. கொலம்பியாவில் பெயர் தவறியது. 1995 டிசம்பர் 20ஆம் நாள் காலி என்னும் நகரை நோக்கி இறங்கிய அமெரிக்க விமானத்தின் விமானிகள், ரோசோ என்ற வழிகாட்டி நிலையத்துக்குச் செல்ல விரும்பினர். அச்சிட்ட படத்தில் அதன் அடையாளம் ‘ஆர்’ என்ற ஓரெழுத்து. கருவியில் ‘ஆர்’ என்று இட்டால் வேறொரு நிலையமே முதலில் நின்றது. பொகோட்டா நகரருகே உள்ள ரோமியோ என்ற நிலையம் அது. ரோசோவுக்கு முழுப்பெயரை எழுதவேண்டும் என்பது விமானிகளுக்குத் தெரியவில்லை. விமானம் இருளில் இடப்புறம் திரும்பி மலைகளுக்குள் புகுந்தது. 159 பேர் இறந்தனர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றத்து நடுவர் குழு, பொறுப்பில் 75 விழுக்காட்டை விமான நிறுவனத்துக்கும், 17 விழுக்காட்டைத் தரவு தொகுத்த நிறுவனத்துக்கும், 8 விழுக்காட்டைக் கருவி செய்தவருக்கும் பங்கிட்டது. ஏடெழுதுவோருக்கும் உயிருக்குப் பொறுப்புண்டு என்பது அன்று எண்ணாலேயே எழுதப்பட்டது.

மலேசியாவில் உறவினர் உள்ளோர் 2015ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றையும் அறிதல் நலம். சிட்னியிலிருந்து கோலாலம்பூர் செல்லும் விமானத்தில், தொடக்க இடத்தின் தீர்க்கரேகையாக 151 பாகை 9.8 கலை என்று இடுவதற்கு மாறாக 15 பாகை 19.8 கலை என்று இட்டுவிட்டனர். விமானம் தான் ஆப்பிரிக்காவின் தென்கோடியருகே இருப்பதாகக் கருதிக்கொண்டு சிட்னியில் மேலெழுந்தது! எச்சரிக்கைகள் எழுந்தும் பிழையின் வேரை உரிய வேளையில் காணவில்லை. மெல்போர்னில் வானம் தெளிந்திருந்தமையால் அங்கே கண்ணால் கண்டு நலமாக இறங்கினர்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். 2015 ஆகஸ்ட் 18ஆம் நாள் விடியற்காலையில், தோகாவிலிருந்து கொச்சிக்கு வந்த விமானம் ஒன்று மூடுபனியால் அங்கே மூன்று முறை முயன்றும் இறங்க முடியாமல் திருவனந்தபுரம் வந்தது. இங்கும் மூன்று முயற்சிகள் வீணாயின. எரிபொருள் ஏறத்தாழத் தீர்ந்த நிலையில் ஏழாம் முயற்சியில் இறங்கிற்று. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் நம்மவர் போன்றோர் நூற்றுக்கு மேற்பட்டவர் அதில் இருந்தனர். அன்று ஏட்டில் பிழை எதுவுமில்லை. ஆனால் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாதபோது அதன் முனைவரை விமானத்தைக் கைபிடித்து அழைத்துவரும் துணை எத்துணை இன்றியமையாதது என்பதை அவ்விடியல் காட்டியது.

அத்தகைய துணையாக இந்தியா அமைத்ததே ‘ககன்’. செயற்கைக்கோள்கள் அனுப்பும் ஜி.பி.எஸ். குறிகள் மின்னேற்றமடைந்த மேல்வளிமண்டலத்தைக் கடந்து வரும்போது தாமதமடைகின்றன. தாமதம் தொலைவாகத் தோன்றி இருப்பிடம் பிழைபடுகிறது. காந்த நடுக்கோட்டையொட்டிய நாடுகளில் இத்தொல்லை மிக அதிகம். பகலில் அம்மண்டலம் ஊற்றுப்போல் மேலெழுந்து வடக்கும் தெற்குமாகச் சரிகிறது. கதிரவன் மறைந்தபின் குமிழ்கள் தோன்றிக் குறிகளைச் சிதறடிக்கின்றன. அகத்தியமலையில் பிரௌன் ஆட்களை இருத்திக் குறித்த காந்த அசைவுகளுக்கும், 1963 நவம்பர் 21ஆம் நாள் தும்பாவில் முதல் ராக்கெட் எழுந்ததற்கும் பின்னணியாக உள்ள அதே காந்த நடுக்கோடுதான் இது. அமெரிக்காவுக்கென வகுத்த கணக்கு நம் வானத்துக்குப் பொருந்தாமையால், இஸ்ரோ அறிஞர்கள் நமக்கேற்ற கணக்கைத் தாமே வகுக்க நேர்ந்தது.

நாடெங்கும் பதினைந்து ஒப்பீட்டு நிலையங்கள் நிறுவப்பட்டன. அவற்றுள் திருவனந்தபுரமும் ஒன்று. தன் இருப்பிடத்தைப் பிழையின்றி முன்பே அறிந்த நிலையம், வானிலிருந்து வரும் கணக்கைத் தன்னோடு ஒப்பிட்டு வேறுபாட்டைச் சொல்லும். அவ்வேறுபாடு தொகுக்கப்பட்டுச் செயற்கைக்கோள் வழியாக விமானத்துக்குச் சேரும். கணக்கு நம்பத்தகாததாயின் சில விநாடிகளுக்குள் ‘நம்பாதே’ என்றும் அது சொல்லிவிடும். இதுவே இதன் தனிச்சிறப்பு என்போம். 2013 டிசம்பரிலும் 2015 ஏப்ரலிலும் படிப்படியாக இதற்குச் சான்று கிடைத்தது. 2022 ஏப்ரலில் இராசத்தானத்துக் கிஷன்கட்டில் ஒரு சிறு விமானம் இதன் துணையால் இறங்கிக் காட்டியது. ஓடுபாதைதோறும் விலையுயர்ந்த கருவி நிறுவாமலே இத்துணை கிடைக்கிறது. ஆயினும் ஓடுபாதை முனையின் எண் விமானத்தின் ஏட்டில் சரியாக இருந்தாலன்றி ககனாலும் பயனில்லை.

இப்போது புதியதொரு தீங்கும் முளைத்திருக்கிறது. போர் நடக்கும் மேற்காசிய வான்வெளியில் பொய்க் குறிகளைப் பரப்பி விமானங்களுக்குத் தவறான இருப்பிடத்தைக் காட்டுகின்றனர். 2023 நவம்பரில் நம் நாட்டுச் சிவில் விமான இயக்ககம் இதுபற்றி நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. ஏடும் மெய், கருவியும் மெய், வானிலிருந்து வரும் குரல் மட்டும் பொய் என்ற நிலையில், விமானி பழைய வானொலி நிலையங்களையும் காந்த ஊசியையும் ஒப்பிட்டே பறக்கவேண்டியிருக்கிறது. பழைய நிலையங்களை முற்றிலும் மூடிவிடலாம் என்று பேசுவோர் சற்றுப் பொறுப்பது நன்று.

28 நாளுக்கு ஒருமுறை வரும் ஏட்டில் அடங்காத சிறு மாற்றங்களும் உண்டு. விளக்கு பழுது, பாதை செப்பனிடல் போன்றவற்றை உடனுக்குடன் உலகுக்குச் சொல்ல ‘நோட்டாம்’ என்ற விமானிகள் அறிவிப்பு உள்ளது. நம் ஊரிலிருந்து செல்லும் அறிவிப்புகளுள் ஒன்று வேறெங்கும் காண அரிது. பங்குனியிலும் ஐப்பசியிலும் ஸ்ரீபத்மநாபசுவாமியின் ஆராட்டு ஊர்வலம் கோவிலிலிருந்து வள்ளக்கடவு வழியாகச் சங்குமுகக் கடற்கரைக்குச் செல்கிறது. வழியின் குறுக்கே ஓடுபாதை கிடக்கிறது. இறங்குதளம் அமைவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே உள்ள வழி அது. அன்று மாலை முதல் இரவு வரை சில மணி நேரம் ஓடுபாதை மூடப்படும் என்ற செய்தி பல நாள் முன்னதாகவே வெளியாகிறது. நெட்டூர்களிலிருந்து புறப்படும் விமானிகள் அதைப் படித்து, நேரத்தை முன்னோ பின்னோ மாற்றிக்கொள்கிறார்கள். யானையும் வாத்தியமும் வாளேந்திய அரச குடும்பத்தலைவரும் ஓடுபாதையைக் கடந்து கடலுக்குச் சென்று, நீராட்டு முடிந்து, தீவட்டிகளுடன் மீண்டும் அதே பாதையைக் கடந்து திரும்புகின்றனர். பின்னர்ப் பணியாளர்கள் ஓடுபாதை முழுவதையும் பார்வையிட்டுத் துப்புரவு செய்கிறார்கள். அதன் பிறகே விளக்குகள் எரிய, காத்திருக்கும் முதல் விமானம் இறங்குகிறது.